பல்லுக்குச் செலவழித்த காசுக்கு வரி நிவாரணம் கிடைக்குமா?

திருகோணமலையில் தனியார் பல் சிகிச்சை நிலையத்தில் வேர்ச்சிகிச்சை செய்து, பல்லுக்கு மேலே கிரவுண் என்ற உறையும் போட்டுக்கொண்டு வருகிறவரிடம் வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்த பில்லை எறிஞ்சிடாதேங்கோ, டக்ஸ்ல திருப்பி எடுக்கலாம்." கனடாவிலோ அயர்லாந்திலோ இருக்கிறவர் சொன்னால் அது உண்மை. அங்கே அப்படி ஒரு வழி இருக்கிறது. அதே பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு இங்கே உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் போனால் என்ன நடக்கும்?

சுருக்கமான பதில் இது. இலங்கையில் இன்றைக்கு ஒரு தனிநபர் தன் சொந்தக் காசில் கட்டிய பல் செலவைத் தன் வருமான வரியில் கழிக்க முடியாது. 2020 முதல் 2022 முடியும் வரை முடிந்தது, இப்போது முடியாது. ஆனால் அந்தச் செலவை உங்கள் வேலைத்தலம் ஏற்றுக்கொண்டால், சட்டம் உங்களுக்கு ஒரு நல்ல வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வழி பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். அதை விளங்கிக்கொள்ள, வரி எப்படிக் கணக்காகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதலில் வரிக் கணக்கு

எங்கள் வரி ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி தொடங்கி அடுத்த ஆண்டு மார்ச் 31ஆம் திகதி முடிகிறது. 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டிலிருந்து, நாட்டில் வசிக்கும் ஒவ்வொரு தனிநபருக்கும் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணமாகக் கிடைக்கிறது. அந்த அளவு வருமானத்துக்கு வரி இல்லை. அதற்கு மேலே வரும் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம். அடுத்த 5 இலட்சத்துக்கு 18 வீதம், அதற்கடுத்த 5 இலட்சத்துக்கு 24 வீதம், இன்னுமொரு 5 இலட்சத்துக்கு 30 வீதம். மிச்சம் எல்லாவற்றுக்கும் 36 வீதம்.

மாதம் 250,000 ரூபா சம்பளம் எடுக்கும் ஒரு பொறியியலாளரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 30 இலட்சம். 18 இலட்சத்தைக் கழித்தால் 12 இலட்சம் வரிக்கு உட்படும். முதல் 10 இலட்சத்துக்கு 60,000 ரூபா, மீதி 2 இலட்சத்துக்கு 18 வீதப்படி 36,000 ரூபா. மொத்தம் 96,000, மாதத்துக்கு 8,000 ரூபா. இதைத்தான் சம்பளத்திலேயே பிடித்து அனுப்புகிறார்கள். சம்பளச் சிட்டையில் ஏபிஐடி என்று இருக்கும், முற்பணமாக அறவிடும் தனிநபர் வருமான வரி.

மாதம் 150,000 ரூபாவுக்கு மேல் சம்பளம் போகாதவருக்கு இந்தப் பிடிப்பே இல்லை. எங்கள் ஊரில் ஆசிரியர்கள், மாகாண சபை அலுவலகங்களில் வேலை செய்யும் எழுதுவினைஞர்கள், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வேலை செய்யும் பிள்ளைகள் பலர் இந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கிறார்கள். அவர்கள் வரியே கட்டவில்லை. வரி கட்டாதவருக்கு இப்படியான வரிக் கழிவால் கையில் காசு வராது, ஏனென்றால் குறைப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. "எல்லாருக்கும் கிடைக்குதாம், எனக்குத்தான் தரேல்லை" என்று மனம் நோகும் ஆட்களைக் கண்டிருக்கிறேன். கோருவதற்கு முன்னால் தான் வரி கட்டுகிறேனா என்று சம்பளச் சிட்டையைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

நிவாரணம் மூன்று விதமாக வரும்

வரி நிவாரணம் என்றதும் செலவழித்த காசை அரசாங்கம் அப்படியே திருப்பித் தரும் என்று நினைத்துவிடுகிறோம். எந்த விதத்திலும் அப்படி நடப்பதில்லை. ஒரு பங்குதான் திரும்பும், அது எவ்வளவு என்பது நிவாரணம் எந்த இடத்தில் வேலை செய்கிறது என்பதைப் பொறுத்தது.

ஒன்று, வருமானத்திலிருந்து கழிப்பது. நீங்கள் 80,000 ரூபாவுக்குப் பல் வைத்தியம் செய்தால், வரிக்கு உட்படும் வருமானம் 80,000 ரூபாவால் குறையும். உங்களுக்கு மிச்சமாவது அந்த 80,000 அல்ல, அதற்குக் கட்டியிருக்க வேண்டிய வரி மட்டும்தான். உங்கள் வருமானத்தின் கடைசி ரூபாவுக்கு விழும் வரி 6 வீதம் என்றால் 4,800 ரூபா. 36 வீதம் என்றால் 28,800 ரூபா. ஒரே பல், ஒரே வைத்தியர், ஒரே பில். ஆனால் அதிகம் உழைப்பவருக்கு அதிகம் மிச்சம். இந்த முறையில் எனக்குப் பிடிக்காத விஷயம் இதுதான்.

இரண்டாவது, வரியிலிருந்து கழிப்பது. முதலில் வரியைக் கணக்கிட்டுவிட்டு, பிறகு செலவில் ஒரு குறித்த வீதத்தை அந்த வரியிலிருந்து குறைப்பார்கள். அயர்லாந்தும் கனடாவும் இந்த வழியில்தான் போகின்றன. இந்த முறையில் வருமானம் கூடியவருக்கும் குறைந்தவருக்கும் ஒரே வீதம்.

மூன்றாவது, உங்களுக்குக் கிடைத்த ஒரு நன்மையை வருமானமாகவே எண்ணாமல் விடுவது. நீங்கள் எதையும் கோர வேண்டியதில்லை, படிவம் நிரப்ப வேண்டியதில்லை. அது கணக்குக்குள்ளேயே வராது. இலங்கையில் இன்று பல்லுக்கு உயிரோடு இருப்பது இந்த மூன்றாவது வழிதான்.

2020 முதல் 2022 வரை இருந்த சலுகை

இணையத்தில் தேடினால் "மருத்துவச் செலவுக்கு 12 இலட்சம் வரை கழிக்கலாம்" என்று சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் வரும். அது பொய்த் தகவல் அல்ல, காலம் முடிந்த தகவல். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில் 2021இல் செய்த திருத்தம், 2020 ஜனவரி முதல் நடைமுறைக்கு வரும்படி ஒரு செலவின நிவாரணத்தைக் கொண்டு வந்தது. மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் உட்பட சுகாதாரச் செலவு, உள்நாட்டில் பிள்ளைகளின் படிப்புச் செலவு, வீட்டுக் கடன் வட்டி, ஓய்வூதியத் திட்டங்களுக்குக் கட்டும் பணம், பங்குகள் வாங்குவது என்று பலவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு 12 இலட்சம் வரை வருமானத்திலிருந்து கழிக்கலாம். பல் வைத்தியமும் சுகாதாரச் செலவுக்குள் அடங்கியது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் தனிநபர் நிவாரணமே 30 இலட்சம் ரூபா. மாதம் 250,000 ரூபா வரை எடுத்தவருக்கு வரியே இல்லை, அதற்கு மேலே வரும் முதல் 30 இலட்சத்துக்கும் 6 வீதம் மட்டும். அந்தக் காலத்தில் ஆண்டுக்கு 36 இலட்சம் உழைத்த ஒருவர் 80,000 ரூபா பல் செலவைக் கழித்திருந்தால் அவருக்கு மிச்சமானது 4,800 ரூபா. பெரும்பாலான ஆட்களுக்கு ஒன்றுமே இல்லை.

பிறகு பொருளாதார நெருக்கடி வந்தது. 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இந்த நிவாரணத்தை 2022 டிசம்பர் 31ஆம் திகதியோடு நிறுத்தியது. தனிநபர் நிவாரணத்தையும் ஆண்டுக்கு 12 இலட்சமாக இறக்கி, வீதங்களை 36 வரை உயர்த்தியது. அதாவது, சாதாரண மாதச் சம்பளக்காரர்கள் வரிக்குள் இழுக்கப்பட்ட அதே நேரத்தில், அவர்களுக்கு உதவியிருக்கக்கூடிய கழிவு எடுத்து எறியப்பட்டது. வரி கட்டாத காலத்தில் நிவாரணம் இருந்தது, வரி கட்டும் காலத்தில் நிவாரணம் இல்லை. 2025இல் தனிநபர் நிவாரணத்தை 18 இலட்சமாக உயர்த்தினார்கள், ஆனால் சுகாதாரச் செலவுக் கழிவு திரும்பி வரவில்லை. குறைந்தபட்சம் வேர்ச்சிகிச்சை, சத்திரசிகிச்சை மாதிரி தள்ளிப்போட முடியாத செலவுகளுக்காவது அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலைத்தலம் கட்டினால்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். அதே 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தொழிலிலிருந்து கிடைக்கும் வருமானம் என்றால் எது எது என்று சொல்கிறது. சம்பளம், படிகள், வேலை கொடுப்பவர் உங்களுக்காகக் கட்டும் சொந்தச் செலவுகள் எல்லாம் அதற்குள் வரும். அதே பிரிவிலேயே வருமானமாக எண்ணக்கூடாதவற்றின் பட்டியலும் இருக்கிறது. ஊழியரின் பல், மருத்துவ அல்லது சுகாதாரக் காப்புறுதிச் செலவுகளை வேலை கொடுப்பவர் நேரடியாகக் கட்டினாலோ, ஊழியர் கட்டியதைத் திருப்பிக் கொடுத்தாலோ, அது அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை: அந்த வசதி முழுநேர ஊழியர் எல்லோருக்கும் சமமான நிபந்தனைகளில் கிடைக்க வேண்டும்.

நமது பொறியியலாளரிடமே திரும்பிப் போவோம். அவருக்குக் கடைவாய்ப் பல்லில் வேர்ச்சிகிச்சையும் கிரவுணும் சேர்த்து 80,000 ரூபா ஆகிறது என்று வைப்போம்.

அவர் தன் சம்பளத்திலிருந்து கட்டினால், அது ஏற்கெனவே வரி பிடித்து மிஞ்சிய காசு. கழிவும் இல்லை.

அவருடைய நிறுவனம் மேலாளர் தரத்தினருக்கு மட்டும் மருத்துவச் செலவைத் திருப்பிக் கொடுக்கிறது, அந்த வழியில் இவருக்கு 80,000 கிடைக்கிறது என்றால், அந்தத் தொகை அவருடைய வருமானத்தோடு சேர்கிறது. அவர் 18 வீதப் படியில் இருப்பதால் 14,400 ரூபா வரி. கையில் மிஞ்சுவது 65,600.

அதே நிறுவனம் வாயிற்காவலர் முதல் பணிப்பாளர் வரை முழுநேர ஊழியர் எல்லோருக்கும் ஒரே விதியில், ஒரே உச்சவரம்பில் அந்த வசதியைக் கொடுத்தால், 80,000 ரூபாவும் வரி இல்லாமல் கையில் வரும்.

வித்தியாசம் பல்லில் இல்லை, நிறுவனத்தின் விதி எழுதப்பட்ட விதத்தில்தான் இருக்கிறது. மேலாளருக்கு 2 இலட்சம், சமையற்கூடத்தில் நிற்பவருக்கு 10,000 என்று உச்சவரம்பு வைத்துவிட்டு அதைச் சமமான நிபந்தனை என்று சொல்வது கடினம். இந்த நிபந்தனையை நான் மனதார வரவேற்கிறேன். மேலே இருப்பவர்கள் வரியில்லாமல் நன்மை பெற விரும்பினால், கீழே இருப்பவர்களுக்கும் அதே நன்மையைக் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இங்கே பலர் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். சம்பளச் சிட்டையில் மாதாமாதம் "மருத்துவப் படி 5,000" என்று வருகிறது, பில் கேட்பதில்லை, நோய் வந்தாலும் வராவிட்டாலும் கிடைக்கிறது என்றால், அது செலவைத் திருப்பிக் கொடுப்பது ஆகாது. அது சம்பளத்தின் இன்னொரு பெயர், முழுக்க வரிக்கு உட்படும். செலவு உண்மையில் நடந்திருக்க வேண்டும், அதற்குப் பற்றுச்சீட்டு இருக்க வேண்டும், அந்தப் பற்றுச்சீட்டை வைத்து நிறுவனம் கொடுக்க வேண்டும். அல்லது நிறுவனமே பல் வைத்தியருக்கு நேரே கட்டலாம். எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழுச் சுகாதாரக் காப்புறுதி எடுத்து அதன் கட்டணத்தை நிறுவனம் ஏற்பதும் இதே வழிதான். ஆனால் காப்புறுதி எடுக்கும்போது பல் வைத்தியம் அதற்குள் வருகிறதா என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். எத்தனையோ காப்புறுதிகள் வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சிகிச்சைக்கு மட்டும்தான் காசு கொடுக்கும், பல் நாற்காலியில் அரை மணித்தியாலம் இருந்து செய்வதற்குக் கொடுக்காது. அரச ஊழியர்கள் அக்ரஹாரக் காப்புறுதியின் நன்மைப் பட்டியலையும் இந்தக் கண்ணோடு ஒருதடவை வாசித்துப் பார்ப்பது நல்லது.

சீனன்குடாப் பக்கத்துப் பெரிய தொழிற்சாலைகளிலும் வங்கிகளிலும் இப்படியான திட்டங்களைப் பற்றிக் கேட்க ஒரு ஆளணிப் பிரிவு இருக்கும். சிறிய இடங்களில்தான் சிக்கல். பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு விருந்தினர் விடுதி முதலாளிக்கு இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவர் ஒரு தாளில் "முழுநேர ஊழியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 25,000 ரூபா வரை பல், மருத்துவச் செலவு பற்றுச்சீட்டின் பேரில் வழங்கப்படும்" என்று எழுதி ஒட்டினால் போதும், ஆண்டுக்கு ஆகக்கூடியது 250,000 ரூபா. ஊழியர் நலனுக்காக வியாபாரம் செய்த செலவு என்பதால் அதைத் தன் வியாபாரக் கணக்கிலும் அவர் செலவாகக் காட்டலாம். ஊழியருக்கும் வரி இல்லை. பத்துப் பேரில் இரண்டு பேருக்குத்தான் அந்த ஆண்டு பல்வலி வரும், மற்றவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். சம்பளத்தில் 2,000 கூட்டிக் கேட்பதை விட இதைக் கேட்பது சில இடங்களில் எளிதாக நடக்கும். கேட்டுப் பாருங்கள்.

அந்த முதலாளி தன்னுடைய சொந்தப் பல்லுக்குச் செய்த செலவை அதே வியாபாரக் கணக்கில் போடலாமா என்றால், கூடாது. தனிமனிதராகத் தொழில் நடத்துகிறவரின் உடம்புக்கான செலவு அவருடைய சொந்தச் செலவு. படகு வைத்திருக்கிறவர், கடைக்காரர், தனியாகத் தொழில் செய்யும் கணக்காளர் எல்லோருக்கும் இது பொருந்தும். விருந்தாளிகளோடு சிரித்துப் பேச வேண்டிய தொழில், அதனால் முன்பல் கட்டியது தொழிற்செலவு என்ற வாதம் எடுபடாது.

வயதான பெற்றோருக்கு வேறு ஒரு வழி

வயதானவர்களுக்குப் பல்லுக்கு நிறையச் செலவாகலாம். பல் செட் கட்ட வேண்டும், ஆடும் பல்லை எடுக்க வேண்டும். அவர்களுக்கு வேலைத்தலமும் இல்லை. பல் செலவை அவர்களும் கழிக்க முடியாது. ஆனால் அவர்களிடமிருந்து தேவையில்லாமல் போகும் வரி ஒன்று உண்டு, அதை நிறுத்தினாலே பல்லுக்கு ஒரு தொகை கையில் நிற்கும்.

2025 ஏப்ரல் முதல் வங்கிகள் வைப்பு வட்டியில் 10 வீதத்தை வரியாகப் பிடிக்கின்றன. முன்பு அது 5 வீதம். அப்பாவின் நிலையான வைப்புக்கு ஆண்டுக்கு 160,000 ரூபா வட்டி வருகிறது என்றால் 16,000 ரூபா பிடிபடும். ஆனால் அவருடைய முழு வருமானமும் ஆண்டுக்கு 18 இலட்சத்தைத் தாண்டாது என்றால் அவர் கட்ட வேண்டிய வரி பூச்சியம். அப்படியானவர் வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் இந்த 10 வீதத்தைப் பிடிக்க மாட்டார்கள். அதற்கு வரி செலுத்துவோர் அடையாள இலக்கம், டின் இலக்கம் என்று எல்லோரும் சொல்வது, கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே பிடித்துவிட்டார்கள் என்றால் வரி விபரத்திரட்டு, அதாவது அந்த ஆண்டின் வருமானத்தையும் வரியையும் எழுதித் திணைக்களத்துக்குக் கொடுக்கும் படிவம், கொடுத்து மீளக் கோரலாம். நடைமுறை தெரியாத வயதானவர்கள் இதைத் தனியாகச் செய்வது கஷ்டம். பிள்ளைகள் வீட்டில் ஒரு பின்னேரம் இருந்து செய்து கொடுக்க வேண்டிய வேலை இது.

செலவே இல்லாத வழியையும் மறந்துவிடக்கூடாது. திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்கள் இருக்கின்றன. வரிசையில் நிற்க வேண்டும், எல்லா வகைச் சிகிச்சையும் அங்கே கிடைக்காது, உண்மைதான். ஆனால் ஒரு சின்னச் சொத்தை அடைப்போடு முடிய வேண்டிய பல்லை, காசில்லை என்று ஓராண்டு வைத்திருந்து, பிறகு வேர்ச்சிகிச்சைக்கோ பிடுங்குவதற்கோ கொண்டு போகிறவர்களுக்கு எந்த வரி நிவாரணமும் ஈடாகாது.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் இங்கே பல் கட்டினால்

இது எங்கள் ஊருக்கு மிகவும் தேவையான பகுதி. கோணேசர் கோயில் திருவிழாவுக்கோ ஆடி ஆவணி விடுமுறைக்கோ வருகிறவர்கள், அங்கே விலை கூட என்று இங்கே பல் வேலையைச் செய்துகொண்டு போகிறார்கள். அவர்கள் நாட்டு வரியில் இங்கே செய்த சிகிச்சைக்கும் நிவாரணம் கோர இடம் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தாள் துண்டில் "பல் வேலை, 95,000" என்று எழுதி வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிடுகிறார்கள்.

அயர்லாந்தில் தகுதியான சுகாதாரச் செலவில் 20 வீதத்தை வரியிலிருந்து குறைப்பார்கள். ஆனால் பல்லில் எல்லாம் தகுதி பெறாது. சாதாரண வேலைகளான பல் பிடுங்குதல், சுத்தம் செய்தல், அடைத்தல், பல் செட் கட்டுதல், அதைத் திருத்துதல் ஆகியவற்றுக்கு இல்லை. கிரவுண், வேர்ச்சிகிச்சை, ஈறு நோய்ச் சிகிச்சை, பிரிஜ் கட்டுதல் (இல்லாத பல்லின் இடத்தைப் பக்கத்துப் பற்களோடு இணைத்து நிரப்புவது), பல்லை நேராக்கக் கிளிப் போடுதல், முளைக்க முடியாமல் சிக்கிக்கொண்ட ஞானப்பல்லைச் சத்திரசிகிச்சை செய்து எடுத்தல் ஆகியவற்றுக்கு உண்டு. மகளுக்குக் கிளிப் போட 4,000 யூரோ கட்டிய பெற்றோருக்கு 800 யூரோ வரை வரி குறையும், அந்த ஆண்டில் அவ்வளவு வரி கட்டியிருந்தால். பல் வைத்தியர் மெட் 2 என்ற படிவத்தில் எந்தச் சிகிச்சை, எவ்வளவு காசு என்று நிரப்பிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார். அதைக் கையில் வைத்துக்கொண்டு இணையவழியில் கோரிக்கை போட வேண்டும், படிவத்தையும் பற்றுச்சீட்டுகளையும் 6 ஆண்டுகளுக்குப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். கோருவதற்கு 4 ஆண்டுகள் உண்டு, ஆகவே 2022இல் செய்த செலவை 2026 முடிவதற்குள் கோரலாம். காப்புறுதி கொடுத்த பகுதியைக் கழித்துவிட்டுத்தான் மிச்சத்துக்குக் கோர வேண்டும். நாட்டுக்கு வெளியே செய்த சிகிச்சை என்றால், செய்த வைத்தியர் அந்த நாட்டின் சட்டப்படி பல் வைத்தியம் செய்ய உரிமை பெற்றவராக இருக்க வேண்டும்.

கனடாவில் கணக்கு வேறு. பல் செலவு மற்ற மருத்துவச் செலவுகளோடு சேரும். ஆனால் முதலில் உங்கள் தேறிய வருமானத்தில் 3 வீதம், அல்லது அரசாங்கம் ஆண்டுதோறும் குறிக்கும் ஒரு தொகை, இரண்டில் எது குறைவோ அதைத் தள்ளிவிடுவார்கள். 2024க்கு அந்தத் தொகை 2,759 டொலர். 60,000 டொலர் வருமானம் உள்ளவருக்கு 3 வீதம் 1,800. அவர் 4,300 டொலர் பல் செலவு செய்திருந்தால் மிஞ்சும் 2,500க்குத்தான் நிவாரணம், 2024இன் மத்திய அரசு வீதமான 15 வீதப்படி 375 டொலர். மாகாணத்தின் பங்கு தனியாக வரும். நாட்டுக்கு வெளியே கட்டிய தகுதியான செலவையும் சேர்க்கலாம். பல்லை வெளுப்பாக்குவது போன்ற அழகுக்கான வேலைகளுக்கு 2010 மார்ச் முதல் இல்லை. இங்கே திருகோணமலையில் இருக்கும் அப்பாவுக்குப் பல் கட்ட மகன் காசு அனுப்பினால் அதைக் கோரலாமா என்றும் கேட்கிறார்கள். கோர முடியாது, ஏனென்றால் பெற்றோருக்காகச் செய்த செலவைச் சேர்க்க வேண்டும் என்றால் அவர்கள் அந்த ஆண்டில் ஒரு காலமாவது கனடாவில் வசித்தவர்களாக இருக்க வேண்டும்.

பிரித்தானியாவில் சொந்தக் காசில் கட்டிய பல் செலவுக்கு இப்படி ஒரு கழிவு இல்லை. அவுஸ்திரேலியாவில் இருந்தது, படிப்படியாகக் குறைத்து 2019 ஜூன் 30ஆம் திகதியோடு முடித்துவிட்டார்கள்.

ஆகவே அயர்லாந்து, கனடாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே பற்றுச்சீட்டு வாங்கும்போது உதவி செய்யுங்கள். கிளினிக்கின் பெயரும் முகவரியும் அச்சில் இருக்க வேண்டும். நோயாளியின் முழுப்பெயர், கடவுச்சீட்டில் இருப்பது போல. எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை, எந்தத் திகதியில், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக. சுத்தம் செய்ததையும் கிரவுண் போட்டதையும் ஒரே தொகையில் எழுதிவிட்டால் அயர்லாந்துக்காரருக்கு எந்தப் பகுதி தகுதியானது என்று காட்ட வழி இல்லாமல் போகும். வைத்தியரின் கையெழுத்தும் இலங்கை மருத்துவ சபைப் பதிவிலக்கமும் வேண்டும். பதிவிலக்கம் கேட்டால் முகம் சுளிக்கிற இடம் என்றால், வரியை விடுங்கள், அங்கே வாயைத் திறக்கவே யோசிக்க வேண்டும்.

இதே பற்றுச்சீட்டுத்தான் இங்கே வேலைத்தலத்தில் காசு திருப்பிக் கேட்பவருக்கும் தேவை. அவர் கணக்குப் பிரிவிடம் கேட்க வேண்டியவை இரண்டு. மருத்துவச் செலவைத் திருப்பிக் கொடுக்கும் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, அது முழுநேர ஊழியர் எல்லோருக்கும் ஒன்றா? இரண்டுக்கும் ஆம் என்றால், மார்ச் முடிந்து ரி-10 சான்றிதழ், அதாவது அந்த ஆண்டின் சம்பளமும் பிடித்த வரியும் எழுதிய தாள், கைக்கு வந்ததும் திருப்பிக் கொடுத்த பல் செலவு சம்பளத் தொகையோடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் அப்போதே சொல்லித் திருத்துவியுங்கள். வரி விபரத்திரட்டு கொடுக்கக் கடைசி நாள் நவம்பர் 30, அதுவரை இழுத்தடித்தால் பிழையான தொகையே விபரத்திரட்டிலும் ஏறிவிடும். கணக்குப் பிரிவு மறுத்தால் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்து, 5ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்கலாம்.